மலையில் எத்தனை பச்சை?

நேயர்களே, நிறங்களைப் பற்றிப் பேச முற்படும்போது தொல்காப்பியரிடமிருந்து தொடங்குவதே முறை என்று எண்ணுகின்றேன். உரியியலில் கறுப்பு, சிவப்பு என்ற இரு சொற்களை அவர் எடுத்துக்கொள்கின்றார். அவற்றுக்கு முதலில் அவர் தரும் பொருள் சினம். அவை நிறத்தையும் குறிக்கும் என்பதைப் பின்னரே கூறுகின்றார். கோபத்தில் முகம் சிவந்தது என்று இன்றும் சொல்கின்றோம் அல்லவா? கண்ணில் படும் ஒளியோடு, பார்ப்பவர் அதில் ஏற்றிவைக்கும் பொருளும் சேர்ந்ததே நிறம். இதற்குச் சான்று தேடி நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் மலையகமே போதும்.

அட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் புகையிரதத்தில் செல்லும் பயணி யன்னலுக்கு வெளியே காண்பது ஒரே பச்சை. 'பச்சைக் கம்பளம்' என்று எழுதிவிடுகின்றார். கூடையுடன் மலையில் நிற்கும் பெண்ணுக்கோ அங்கே பல பச்சைகள். மஞ்சள் கலந்த இளம்பச்சை என்றால், இன்று பறிக்க வேண்டிய இரண்டு இலையும் ஒரு மொட்டும். கருத்த பச்சை என்றால், செடியிலேயே விட வேண்டிய முற்றல். முற்றலைக் கலந்தால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஏச்சு. இளங்கொழுந்தைத் தவறவிட்டு நிறை குறைந்தால் பல தோட்டங்களில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அவளுடைய வீட்டு அடுப்பு இந்தப் பச்சைகளைப் பிரித்தறியும் கண்ணை நம்பியிருக்கின்றது.

தொழிற்சாலைக்குப் போனதும் கொழுந்து நிறம் மாறத் தொடங்குகின்றது. வாட்டி, நசுக்கும்போது இலைச்சாறு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து பச்சை செம்பு நிறமாகின்றது. சூடேற்றி உலர்த்தியதும் கறுக்கின்றது. கோப்பையில் ஊற்றினால் பொன்னும் சிவப்பும் தெரியும். பொன்னொளி தருவது தியாபிளேவின் என்னும் பொருள். செங்கபிலம் தருவது தியாரூபிஜின். நுவரெலியாத் தேநீர் வெளிறிய பொன்னிறம். தாழ்நிலத் தேநீர் கடும் நிறம்.

இதே பானத்தை ஆங்கிலேயர் 'கறுப்புத் தேநீர்' என்கின்றனர். சீனர் 'சிவப்புத் தேநீர்' என்கின்றனர். ஒருவர் கண் உலர்ந்த இலையிலும் மற்றவர் கண் கோப்பையிலும் நின்றுவிட்டது போலும். எங்கள் லயங்களில் பால் சேராத தேநீருக்குச் 'சாயம்' என்றே பெயர். "ஒரு வாய் சாயம் குடிச்சிட்டுப் போங்க" என்று உபசரிப்பார்கள். பாலுக்கு வழியில்லாத வீட்டில் நிறமே பானத்தின் பெயராகிவிட்டது.

இன்னொரு நிறத்தைச் சொல்லாமல் முடிக்க இயலாது. 1951இல் நம் தேசியக் கொடியில் பச்சை, செம்மஞ்சள் என்று இரு பட்டிகள் சேர்க்கப்பட்டன. பச்சை முஸ்லிம்களையும் செம்மஞ்சள் தமிழர்களையும் குறிக்கும் என்று பாடசாலையில் படித்தோம். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் அதற்கு முன்னரே நாடற்றவராகியிருந்தனர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. கடைசியாக எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அரை நூற்றாண்டும் செம்மஞ்சள் பட்டி கொடியில் பறந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பட்டியில் எங்கள் பாட்டனாருக்கு இடம் உண்டா? நிறம் உண்டு என்றது. சட்டம் இல்லை என்றது.

ஒரு நிறத்தைக் காணும்போது, இதற்குப் பொருள் கொடுத்தவர் யார், அந்தப் பொருளுக்குள் யாரெல்லாம் அடங்குகின்றார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். அடுத்த முறை எங்கள் பக்கம் வந்தால், கம்பளம் என்று சொல்வதற்கு முன்னர், மலையில் எத்தனை பச்சை என்று கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், நேயர்களே.