ஜீப்பின் கிளட்ச் தேய்ந்துவிட்டதா?

நம் நாட்டின் மலைப் பகுதிகளில் பழைய ஜீப்புகளை இன்றும் பார்க்கலாம். பேருந்து போகாத ஊருக்கும் ஜீப் போகும். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும். உருளைக்கிழங்கு மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு வரும். நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கும்.

அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் உருவாக்கத் தொடங்கியது. அதன் பிறகு ஜீப் நாடு முழுவதும் பரவியது. மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங் மலைப் பகுதியில் சந்தக்ஃபூ என்ற சிகரம் உள்ளது. அதன் உயரம் 3,636 மீட்டர். மானேபஞ்சன் என்ற ஊரிலிருந்து அங்கே பாதை ஏறுகிறது. இங்கிலாந்தில் செய்த பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் அந்தக் கரடுமுரடான பாதையில் பல பத்தாண்டுகள் ஓடின.

இப்படிப்பட்ட பாதையில் ஓயாமல் உழைக்கும் பாகம் கிளட்ச். ஏற்றத்தின் நடுவே கிளட்ச் கைவிட்டால் எஞ்சின் மட்டும் உறுமும். வண்டி நகராது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். வண்டி நிறைய ஆட்கள். நினைத்தாலே பயமாக இருக்கிறது அல்லவா?

ஆனால் கிளட்ச் பெரும்பாலும் திடீரென்று கெடுவதில்லை. முன்கூட்டியே அறிகுறி காட்டும். அதைத் தெரிந்துகொண்டால் உயிரும் தப்பும், பணமும் மிஞ்சும்.

கிளட்ச் என்ன செய்கிறது?

ஒரு அட்டையை எடுங்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். பக்கத்தில் இருப்பவரை அதை இழுக்கச் சொல்லுங்கள். அட்டை வராது. கையைத் தளர்த்துங்கள். உடனே வந்துவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். அட்டை வழுக்கும்.

கிளட்சும் இப்படித்தான் வேலை செய்கிறது. எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம் பிளைவீல். இது ஒரு கை. பிரஷர் பிளேட் மறு கை. நடுவில் உள்ள அட்டைதான் கிளட்ச் பிளேட். அது கியர் பாக்ஸைச் சுற்ற வைக்கிறது. நாம் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் முன்னே போய், பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும். அப்போது பிடி தளரும். பெடலை விட்டால் மறுபடியும் பிடிக்கும்.

அறிகுறிகள் என்ன?

1. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் சத்தம் கூடுகிறது. வேகம் கூடவில்லை. கருகிய நாற்றம் வருகிறது. கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்.

2. பெடலை முழுவதும் மிதித்தும் கியர் விழவில்லை. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது. கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள்.

3. பெடலை மிதித்தால் மட்டும் கீச்சென்று சத்தம் வருகிறது. ரிலீஸ் பேரிங் கெட்டிருக்கலாம்.

4. நியூட்ரலில் பெடலை விட்டால் சத்தம் வருகிறது, மிதித்தால் நின்றுவிடுகிறது. இங்கே கிளட்சை மாற்றிப் பயன் இல்லை. கியர் பாக்ஸின் முன் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

5. வண்டி கிளம்பும்போது அதிர்கிறது. பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கெட்டிருந்தாலும் இப்படி அதிரும்.

வழுக்கும் கிளட்சைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். கால் பிரேக்கையும் நன்றாக மிதியுங்கள். டாப் கியர் போட்டு, கிளட்ச் பெடலை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே நின்றால் பிடி நன்றாக இருக்கிறது. நிற்காமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். பிளேட் சூடாகிக் கருகிவிடும்.

முதலில் பெடலைப் பாருங்கள்

வழுக்குகிறது என்றதும் கியர் பாக்ஸை இறக்க வேண்டாம். முதலில் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதல் ஒரு அங்குலம் லேசாகப் போக வேண்டும். அதன் பிறகுதான் கனக்க வேண்டும். இந்த லேசான அசைவை மெக்கானிக்குகள் 'பிளே' என்பார்கள்.

பழைய ஜீப்பில் பெடலையும் கிளட்சையும் இணைப்பது கம்பி அல்லது கேபிள். பிளேட் தேயத் தேய பிளே குறைந்துகொண்டே வரும். பிளே இல்லாமல் போனால் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போது நல்ல பிளேட்டும் வழுக்கும். பிளே அதிகமானால் கியர் விழாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கம்பியின் நட்டைத் திருப்பிப் பிளேயைச் சரி செய்ய வேண்டும். ஒரு ஸ்பேனர் போதும். சரி செய்த பிறகும் வழுக்கினால்தான் கழற்ற வேண்டும்.

வண்டிக்கு அடியில் போகும் முன்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

பல பழைய ஜீப்புகளிலும் லேண்ட் ரோவர்களிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. அது டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து போகும் சாஃப்டைத்தான் அது பிடிக்கிறது. அந்த சாஃப்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக் வேலை செய்யாது. கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது. தானே உருளும். அடியில் படுத்திருப்பவர் மேல் ஏறிவிடும்.

ஆகவே, சமமான கெட்டித் தரையில் வேலை செய்யுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள்.

கழற்றுவது எப்படி?

ஜீப்பில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் ஒன்றாக இறங்கும். முதலில் தரைத் தகட்டையும் கியர் கம்பிகளையும் எடுக்க வேண்டும். பிறகு முன், பின் சாஃப்டுகள், கேபிள்கள், கிளட்ச் கம்பி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுங்கள். அதன் பிறகே குறுக்குச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். கியர் பாக்ஸ் மிகக் கனமானது. அதை ஜாக்கியில் தாங்கி, நேராகப் பின்னால் இழுக்க வேண்டும்.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக, எதிரெதிராகத் தளர்த்துங்கள். ஒரே பக்கம் தளர்த்தினால் பிளேட் வளைந்துவிடும்.

உள்ளே தூசி இருக்கும். அதை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயும் வரலாம். ஈரத் துணியால் துடையுங்கள். அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

இப்போது பிளேட்டைப் பாருங்கள். ரிவெட் தலைகள் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டதா? மாற்ற வேண்டும். பிளேட்டில் எண்ணெய் இருக்கிறதா? எஞ்சின் பின் சீல் அல்லது கியர் பாக்ஸ் முன் சீல் கசிகிறது. அதைச் சரி செய்யாமல் புதிய பிளேட் போட்டால் அதுவும் கெடும். பிளைவீலில் வெடிப்பு, ஆழமான கீறல், நீலத் திட்டு இருந்தால் லேத்துப் பட்டறையில் காட்டுங்கள்.

கியர் பாக்ஸை இறக்குவதுதான் பெரிய வேலை. எனவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. பைலட் புஷ் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

புதியதைப் பூட்டுவது

பிளேட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. திருப்பிப் போட்டால் கிளட்ச் வேலை செய்யாது. பழையது இருந்த விதத்தைப் பார்த்துப் பூட்டுங்கள். பிளேட்டின் துளை நடுமையத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பழைய கியர் பாக்ஸ் சாஃப்ட் ஒன்றைச் செருகிக்கொள்வார்கள். சரியான அளவில் கடைந்த மரக்கட்டையும் போதும். பிறகு போல்ட்டுகளை எதிரெதிராக, சமமாக முறுக்குங்கள். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் பிளேட்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் புதுப் பிளேட் வளைந்துவிடும். கடைசியில் பிளேயைச் சரி பாருங்கள்.

பட்டறையில் வேலை கொடுத்தால் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என்ன தேய்ந்தது என்று கேளுங்கள். பணம் கொடுப்பவர் கேட்பதில் தவறு இல்லை.

நீண்ட நாள் உழைக்க

ஓடும்போது பெடல் மேல் காலை வைத்திருக்காதீர்கள். ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியை நிறுத்தாதீர்கள், பிரேக்கைப் பயன்படுத்துங்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். மாதம் ஒரு முறை பிளேயைப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பதில் சொல்லுங்கள்

1. கிளட்ச் வழுக்குவதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
2. கியர் பாக்ஸை இறக்கும் முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
3. சாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக் ஏன் வேலை செய்யாது?
4. கிளட்ச் தூசியை ஏன் ஊதக் கூடாது?
5. உங்கள் ஊரில் ஓடும் ஜீப்பின் ஓட்டுநரிடம் பேசுங்கள். அவர் பிளேயைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேளுங்கள்.