பழ ஈயும் ஏற்றுமதிச் சந்தையும்

2014 ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி தொடக்கம், இந்தியாவில் விளைந்த மாம்பழம், பாகற்காய், புடோலங்காய், கத்தரிக்காய், சேம்பு ஆகிய ஐந்தும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வருதல் தடுக்கப்பட்டது. விலைப் போட்டியோ அரசியற் பிணக்கோ இதற்குக் காரணமன்று. முந்திய ஆண்டில் இந்தியாவிலிருந்து சென்ற பழம், காய்கறிப் பொதிகளுள் 207 தொகுதிகளிற் பழ ஈ முதலிய பீடைகள் காணப்பட்டமையே காரணமாகும். தடுக்கப்பட்ட ஐந்தும் அந்நாடு ஐரோப்பாவுக்கு அனுப்பும் பழம், காய்கறிகளில் நூற்றுக்கு ஐந்து வீதத்திலும் குறைவானவையே. ஆயினும், பாகலை மாத்திரம் நட்டுவிட்டு விமானத்தை நம்பியிருந்த கமக்காரனுக்கு அது நூற்றுக்கு நூறு வீதமன்றோ!

ஏற்றுமதியைப் பெருக்குவதற்கு இந்திய அரசாங்கம் முயலாமலிருந்தது என்று எவரும் கூறமுடியாது. கமத்தொழிற் பொருள்களின் ஏற்றுமதியை வளர்ப்பதற்கென்றே 'அபேடா' என்னும் அதிகார சபையை அது 1986 ஆம் ஆண்டில் நிறுவியது. பொதியிடும் நிலையங்கள், குளிர்க் களஞ்சியங்கள், வெளிநாட்டுக் கண்காட்சிகள் எனப் பல வழிகளிற் பணமுஞ் செலவிடப்பட்டது. இவ்வளவையும் காய்க்குள் இருந்த ஒரு புழு தடுத்துவிட்டது.

தடை அறிவிக்கப்பட்ட பின்னர், ஐரோப்பாவுக்குச் செல்லும் பழம், காய்கறிகள் அங்கீகாரம் பெற்ற பொதியிடும் நிலையங்களூடாக, தாவரத் தடுப்புக்காப்பு உத்தியோகத்தர் முன்னிலையிலேயே செல்லவேண்டுமென அங்கே கட்டளை பிறந்தது. மாம்பழங்களை 48 பாகை சதம அளவுச் சூடுள்ள நீரில் 60 நிமிடம் அமிழ்த்தி வைக்கும் முறையும் கையாளப்பட்டது. மாம்பழத்தின் மீதிருந்த தடையை நீக்க 2015 சனவரியில் முடிவாயிற்று. காய்கறிகளோ 2017 ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

இதனை அயல்நாட்டுச் செய்தியெனத் தள்ளிவிடுதல் தகாது. இலங்கையில் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை 1979 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இந்நாட்டுக் காய்கறிகள் கட்டுநாயக்காவிலிருந்து மாலைதீவுக்கும் மத்திய கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் விமானமேறுகின்றன. அங்கு தடுக்கப்பட்ட பாகலும் புடோலுமே இங்கும் பந்தலிற் தொங்குகின்றன. அவற்றைக் குத்தும் ஈயும் அதுவே. 2003 ஆம் ஆண்டில் கென்யாவில் முதன்முதலாகக் காணப்பட்டு, ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் மாம்பழ வியாபாரத்தை நலியச் செய்த ஈயும் இலங்கையிலுள்ள ஈயும் ஒன்றே என்பதை அறிஞர் 2005 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இது பெருமைப்படத்தக்க உறவன்று.

இனி, இந்த ஈயின் வாழ்க்கையைச் சற்று நோக்குவோம். பெண் ஈ தன் வாலிலுள்ள ஊசிபோன்ற உறுப்பினாற் பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளில் முட்டை பொரித்துப் புழுக்கள் சதையைத் தின்னத் தொடங்கும். ஏறக்குறைய ஒரு கிழமையில் முற்றிய புழு காயைவிட்டு நிலத்தில் விழுந்து, மேல்மண்ணிற் புகுந்து கூட்டுப்புழுவாகும். மேலும் ஒரு கிழமையோ பத்து நாளோ கழிய, புதிய ஈ வெளிவரும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளிற் பல நூறு முட்டைகள் இடவல்லது.

கவனிக்கவேண்டியது முதலிரு நாள்களே. அப்பொழுது காயின் வெளியே சிறு புள்ளியொன்றைத் தவிர வேறொன்றுந் தெரியாது. தோட்டத்திற் பறித்தவனும் நல்ல காயென்பான், வாங்கியவனும் நல்ல காயென்பான். பெட்டி வெளிநாட்டிற் திறக்கப்படும்போது புழு வெளிப்பட்டுவிடும். ஆகவே, பொதியிடும் நிலையத்து மேசையில் எத்தனை பேர் நின்று தெரிந்தாலும், தோட்டத்திற் செய்யாது விட்டதை அங்கே செய்து முடித்தல் அரிது.

ஈயைக் கண்டவுடன் பூச்சிநாசினித் தாங்கியைத் தோளில் ஏற்றுவோர் பலர். காய்க்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து சேர்வதில்லை. மண்ணுள் இருக்கும் கூட்டுப்புழுவையும் அது தீண்டாது. மருந்தின் மிச்சமோ தோலிற் தங்கிவிடும். புழுவிருந்தாற் பொதி மறுக்கப்படுவது போலவே, மருந்தின் மிச்சம் அளவுக்கு மிஞ்சினாலும் மறுக்கப்படும். பணஞ் செலவிட்டு இரண்டாவது குற்றத்தையும் தேடிக்கொள்வதால் யாது பயன்?

பயன்தரும் வேலைகள் மலிவானவை, ஆனால் அலுப்பூட்டுபவை. குத்துப்பட்ட காய்களையும் உதிர்ந்தவற்றையும் இரண்டொரு நாளுக்கு ஒருமுறை தவறாது பொறுக்கவேண்டும். அவற்றை வேலியோரம் எறிதல் ஈ வளர்ப்பதற்கு ஒப்பாகும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலிற் கிடத்தினாற் புழுக்கள் மடியும். அல்லது ஆழக் குழிவெட்டிப் புதைக்கலாம். பாகற்பிஞ்சு விரல் நீளமாகுமுன் கடதாசி உறையிடுதல் மிக நன்று. பயிர் முடிந்தபின் பந்தலின் கீழ் மண்ணைக் கொத்திப் புரட்டினாற் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும்.

பொறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மாமரத்து ஆண் ஈக்களைக் கவர்வது மெதைல் இயூஜினோல். துளசியிலும் இச்சரக்கு உண்டு. பாகல், புடோல், வெள்ளரியைத் தாக்கும் ஈக்கு இது ஏற்றதன்று. அதற்குக் கியூலுயர் வைக்கவேண்டும். மாம்பொறியைப் பாகற்பந்தலில் தூக்கிவிட்டு, ஈ விழவில்லையாதலால் ஈயே இல்லை என்று மகிழ்வோர் உண்டு! இவ்விரு பொறிகளும் ஆண் ஈக்களையே பிடிக்கும். ஆதலால் ஒரு தோட்டத்திற் தனியே தொங்கும் பொறியாற் பெரும்பயன் இல்லை. அயலிலுள்ள தோட்டக்காரர் யாவரும் ஒருங்கே வைத்தல் வேண்டும்.

யப்பானின் ஒக்கினாவாத் தீவுகளில் இவ்வீயை 1993 ஆம் ஆண்டளவில் முற்றாக ஒழித்தனர். மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டு, இருபதாண்டுகள் உழைத்தே இது கைகூடிற்று. அதன்பின்னரே அத்தீவுப் பாகற்காய் பிற யப்பானியச் சந்தைகளுக்குத் தடையின்றிச் சென்றது. அத்தகைய பெருஞ்செலவை எல்லா அரசாங்கங்களுந் தாங்கா.

ஒரு குறையையும் இங்கே சொல்லவேண்டும். உறையிட்டு வளர்த்த காய்க்கும் வீதியோரச் சந்தைக் காய்க்கும் ஒரே விலை கொடுக்கப்படுமாயின், எந்தக் கமக்காரனும் உறையிடான். ஏற்றுமதியாளர் இதனை உணர்ந்து தரத்துக்கேற்ற விலையை விதைப்புக்கு முன்னரே பேசுதல் நியாயமாகும். கமக்காரரும் தமது காய் எந்த நாட்டுக்குச் செல்கின்றது, அந்நாடு எந்த மருந்துகளை விலக்கியுள்ளது, தாவர சுகாதாரச் சான்றிதழுக்கு எப்பதிவுகள் தேவை என்பவற்றை அப்பொழுதே கேட்டறிதல் வேண்டும். தெளித்த மருந்து, திகதி, பறித்த நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தாற் போதும். பொறிகளும் உறைகளும் பற்றிய மேலதிக விபரங்களை அவ்வப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.