சூரியனுக்கு ஒரு கூடு

ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022இல் அகழ்ந்தபோது, கற்கால மனிதர்கள் கருவி செய்த தடயங்கள் கிடைத்தன. இன்று அதே வட்டாரத்தில் கார், லாரி, கைப்பேசி எல்லாம் உருவாகின்றன. 2024 ஜனவரியில் பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்குச் சூரியத் தகடுகள் செய்யும் திறன் கொண்டது. அந்தத் தகடுகள் வாங்கும் ஒளி, சூரியனின் மையத்தில் நடக்கும் அணுக்கரு இணைவில் பிறந்தது. அந்த இணைவைப் பூமியிலேயே நிகழ்த்தும் முயற்சியில், அறிவியலுக்கு ஈடாகப் பட்டறைத் திறமையும் தேவைப்படுகிறது.

சூரியன் நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அதில் 40 லட்சம் டன் நிறை ஆற்றலாகிறது. விண்மீன்களில் இது நடக்கும் வழியை ஹான்ஸ் பெத்தே 1939இல் விளக்கினார். சூரிய மையத்தின் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி. அங்கே ஈர்ப்புவிசையே பிளாஸ்மா எனும் மின்னேற்ற வாயுவை இறுக்கிப் பிடிக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் டியூட்ரியம், ட்ரிட்டியம் எனும் ஹைட்ரஜன் வகைகளின் கலவையை 15 கோடி டிகிரிக்குச் சூடாக்கி, காந்தப்புலத்தால் சுவரில் படாமல் நிறுத்த வேண்டும்.

பிரான்சில் எழும் ஈட்டர் உலை அதற்கான சோதனைக்களம். 2005 முதல் இந்தியாவும் அதில் பங்காளி. நம் பொறுப்பைச் சுமப்பது காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம். 15 கோடி டிகிரி பிளாஸ்மாவுக்குச் சில மீட்டர் தள்ளி, மைனஸ் 269 டிகிரியில் மீக்கடத்திக் காந்தங்கள். மொத்தத்தையும் மூடி வெற்றிடம் காக்கும் கிரையோஸ்டாட், குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி செய்தது: 3,850 டன் துருப்பிடிக்காத எஃகு, ஏறத்தாழ 29 மீட்டர் உயரம். அத்தனை பெரிய கூட்டின் வெல்டிங்கில் மயிரிழைக் கசிவும் கூடாது. அதைச் சோதிக்க உதவும் வாயு ஹீலியம். கார் ஏ.சி. பாகங்களில் கசிவு பார்ப்பவர்களுக்கும் இம்முறை பழக்கம்தான்.

ஈட்டரில் டியூட்ரியம்-ட்ரிட்டியம் எரிபொருள் சோதனை 2039இல்தான். அதுவும் மின்சாரம் தராது. அதுவரை சூரியத் தகடுகளே நம் கைக்கெட்டும் இணைவாற்றல். ஆனால் மின்சாரம் தரும் உலைகள் வரும் நாளில், அவற்றைக் கட்டத் தேர்ந்த கைகள் வேண்டும். வெற்றிட வெல்டிங், கசிவுச் சோதனை, மீக்குளிர்த் தொழில்நுட்பம் ஆகியவற்றை ஒரகடம் வட்டார ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் இப்போதே கற்பிக்கத் தொடங்க வேண்டும். இன்று சேரும் மாணவர், 2039இல் அனுபவம் முற்றிய தொழிலாளியாக நிற்பார்.