எலும்பைச் செதுக்கும் எந்திரக் கரம்

தேய்ந்த மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை நமக்குப் புதிதன்று. அதில் ரோபோ துணை நிற்கிறது என்றதும், ‘இனி மருத்துவரே வேண்டாமோ?’ என வியப்போர் உண்டு; ‘எந்திரத்திடம் உடலை ஒப்படைப்பதா?’ என அஞ்சுவோரும் உண்டு. இரு சாராரும் அறியவேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில், கால்நடை மருத்துவர் ஹோவர்ட் பாலும் எலும்பு மருத்துவர் வில்லியம் பார்கரும் ஐ.பி.எம். நிறுவனத்தின் துணையோடு ‘ரோபோடாக்’ எனும் எந்திரத்தை உருவாக்கினர். 1990இல் நாய்களுக்கும், 1992இல் முதன்முறையாக மனிதருக்கும் இடுப்பு மூட்டு மாற்றத்தில் அது பயன்பட்டது. செயற்கை மூட்டின் தண்டு இறங்கும் குழியைத் தொடை எலும்பில் அது தானே துல்லியமாகக் குடைந்தது. 1994 முதல் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானோர் இச்சிகிச்சை பெற்றனர். ஆயினும் என்ன நேர்ந்தது? தசைகள் சேதமுற்றதாகவும், நடை தடுமாறுவதாகவும் பலர் முறையிட்டு வழக்குத் தொடுத்தனர். சில ஆண்டுகளில் அங்கே அந்த எந்திரம் கைவிடப்பட்டது. எலும்பை அளக்கத் தெரிந்த எந்திரத்திற்கு, அதைச் சூழ்ந்த தசையைக் காக்கத் தெரியவில்லை!

பின்னர் வந்த ‘மேக்கோ’ எந்திரத்தின் போக்கு வேறு. சி.டி. ஸ்கேன் படத்தைக் கொண்டு முன்கூட்டியே திட்டம் வகுக்கப்படுகிறது. வெட்டும் கருவியை இயக்குவது மருத்துவரின் கையே; வகுத்த எல்லையை அது தாண்ட முற்பட்டால் எந்திரக் கரம் தடுத்துவிடும். முழங்கால் மூட்டு முழுவதையும் மாற்ற இதனைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது.

துல்லியம் கூடியது உண்மை. நோயாளியின் நலமும் அதே அளவு கூடியதா? ரோபோடாக் கொண்டு முழங்கால் மூட்டு மாற்றப்பட்டோரையும், வழக்கமான முறையில் மாற்றப்பட்டோரையும் பத்தாண்டுகளுக்கு மேல் ஒப்பிட்ட தென்கொரிய ஆய்வு 2020இல் வெளியாயிற்று. நடமாட்டத்திலோ, மூட்டின் ஆயுளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு அதில் தென்படவில்லை. புதிய எந்திரங்களின் நெடுங்காலப் பலனைக் காலம்தான் உரைக்கவேண்டும்.

நாளை செயற்கை நுண்ணறிவு திட்டம் வகுக்கலாம். எந்திரங்கள் சிறுத்து, விலையும் குறையலாம். எனினும், யாருக்கு, எப்போது அறுவை சிகிச்சை தேவை என்று தீர்மானிக்கும் பொறுப்பு மருத்துவருடையதே. எனவே, உங்கள் இல்லத்துப் பெரியவருக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், எந்திரத்தின் பெயரை மட்டும் கேட்டு மயங்கிவிடாதீர்கள். ‘இதுபோல் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? கூடுதல் செலவுக்கு இவருக்குக் கிட்டும் கூடுதல் பலன் என்ன?’ எனத் தயங்காமல் கேளுங்கள். தேர்ந்த கைக்கு எந்திரம் துணையாகும். தேர்ச்சியற்ற கைக்கு அது ஈடாகாது.