'ஏ' செக்ஷன் யாருக்கு? பிள்ளைகளை பிரிக்கும் சாப்ட்வேர்... கோட்டை விடும் பள்ளிகள்!

சென்னை: ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நோட்டீஸ் போர்டு முன்பு பெற்றோர் கூட்டம் முண்டியடிக்கும். "என் பையன் எந்த செக்ஷன் சார்?" என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி.

'டி' செக்ஷன் என்று தெரிந்தால் அம்மா முகம் வாடிவிடும். மார்க் வரிசைப்படி பிள்ளைகளை பிரித்து, கடைசி செக்ஷனுக்கு 'மக்கு கிளாஸ்' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு.

இந்த வேலையை சாப்ட்வேரிடம் கொடுத்துவிட்டால் பாரபட்சம் போய்விடும் என்று நினைத்தால் தப்பு. கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்யும். 'முதல் 40 ரேங்க் ஒரு செக்ஷன்' என்று செட்டிங் கொடுத்தால், அதே பழைய 'ஏ' செக்ஷனை ஒரு நொடியில் போட்டுக் கொடுத்துவிடும்.

120 பேரை 3 செக்ஷனாக பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரேங்க் 'ஏ', இரண்டாவது 'பி', மூன்றாவது 'சி', நாலாவது மறுபடி 'ஏ'. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நல்ல ரேங்க் 'ஏ'வுக்கே போகும். 40 சுற்று முடிந்து ரேங்க் எண்களை கூட்டினால் 'ஏ'வுக்கும் 'சி'க்கும் 80 வித்தியாசம் வரும்.

அதற்கு பாம்பு போல வளைந்து வர வேண்டும். ஏ, பி, சி... அடுத்த சுற்று சி, பி, ஏ. இப்படி போட்டால் மூன்று செக்ஷனுக்கும் கூட்டல் சரிசமம்.

அப்புறம் சராசரி மார்க். ஆளை ஏமாற்றுவதில் இதை மிஞ்ச ஆள் கிடையாது. 20 பேர் 95, 20 பேர் 35 எடுத்த வகுப்புக்கும் சராசரி 65. நாற்பது பேரும் 65 எடுத்த வகுப்புக்கும் அதே 65. டீச்சருக்கு இரண்டும் ஒன்றா என்ன? அதனால் மேல், நடு, கீழ் என்று மூன்று தரமாக பிரித்து, ஒவ்வொரு செக்ஷனிலும் ஒவ்வொரு தரத்திலும் எத்தனை பேர் என்று பார்க்க சொல்ல வேண்டும். கணக்கு, இங்கிலீஷ் மார்க்கை தனித்தனியாக கொடுப்பது இன்னும் நல்லது.

டைபாய்டு வந்து பரீட்சை எழுதாத பையனுக்கு 0 என்று டைப் அடித்துவிடக் கூடாது. கட்டத்தை காலியாக விட வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக படிக்கிற பிள்ளையும் கீழ்த்தரத்தில் போய் உட்காரும். இனிஷியல் மாறி ஒரே பையன் இரண்டு பேராக பதிவாகும் கூத்தும் நடக்கும். எமிஸ் நம்பரை வைத்து சரிபார்த்தால் இது தப்பும்.

அடுத்தது நிபந்தனைகள். செக்ஷனுக்கு எத்தனை பேர், தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா என்பதெல்லாம் 'கட்டாயம்'. ஆண், பெண் எண்ணிக்கையும் மார்க்கும் 'முடிந்தவரை சமம்' என்று இருந்தால் போதும். எல்லாவற்றையும் கட்டாயம் ஆக்கினால் சாப்ட்வேர் கையை விரித்துவிடும். சண்டைக்கார பசங்க 4 பேரில் எந்த இருவரும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடாது, இருப்பதோ 3 செக்ஷன் என்றால் அது என்ன செய்யும்?

சாதி விவரம் உள்ள பட்டியலை அப்படியே ஏற்றுவது பெரிய வம்பு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் அரசு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு கமிட்டி, வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக்கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. வகுப்பு பிரிக்கும் டீச்சர் கண்ணில் அது பட வேண்டிய அவசியமே இல்லை.

பட்டியல் ரெடியான பிறகுதான் சிபாரிசு ஆரம்பிக்கும். "நம்ம பையனை 'ஏ'வுக்கு மாத்திடுங்க சார்" என்று போன் மேல் போன் வரும். பத்து பேரை கையால் மாற்றினால் போட்ட கணக்கெல்லாம் போச்சு. ஒருவரை மாற்றினால் அதே தரத்தில் இருக்கும் இன்னொருவரை எதிர்ப்பக்கம் மாற்றி, எண்ணிக்கையை மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே போர்டில் ஒட்ட வேண்டும்.