புரட்டாசியிலேயே பெரிய மீனைப் பிடியுங்கள்



புரட்டாசி வந்தால் நம் பக்கத்தில் பல வீடுகளில் கறி, மீன் கிடையாது. சந்தையில் மீனுக்குக் கிராக்கி குறையும். "ஐப்பசி பிறக்கட்டும், தீபாவளி சமயம் விலை ஏறும், அப்போ வலை போட்டுக்கலாம்" என்று குட்டையில் கட்லா, ரோகு விட்டவர்கள் காத்திருப்பார்கள். ஆனால் ஐப்பசியில் விலையோடு மழை மூட்டமும் சேர்ந்து வரும். அப்போதுதான் விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும் ஆபத்து அதிகம். சிலர், "யாரோ விஷம் கலந்துட்டாங்க" என்பார்கள். பல சமயம் காரணம் விஷம் அல்ல, மூச்சு முட்டல்தான்.

மீன் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் சுவாசிக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் இது அதிகம் கரையும். 10 டிகிரி குளிரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். பிராணவாயு நிறையக் கேட்கும் டிரவுட் மீன் நீலகிரியில் அவலாஞ்சி போன்ற குளிர்ந்த இடத்தில் வாழ்வதும், சமவெளிக் குளத்தில் வாழாததும் இதனால்தான். இன்னொரு பக்கம் பனையேறிக் கெண்டையைப் பாருங்கள். இது காற்றையே நேராகச் சுவாசிக்கும். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி இந்த மீனைப் பனைமரத்தின் மேலேயே கண்டதாக எழுதி வைத்தார். விராலும் இப்படித்தான் தாக்குப்பிடிக்கும். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்த வசதி இல்லை. அவற்றுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் வேண்டும். 3-க்குக் கீழே போனால் திணறும்.

பகலில் வெயில் பட்டால் தண்ணீரிலுள்ள பச்சைப் பாசி பிராணவாயு தரும். இரவில் பாசியும் மீனும் சேறும் அதைச் செலவு செய்யும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் இருப்பு மிகக் குறைவு. இரண்டு மூன்று நாள் மூட்டம் போட்டால் வரவு இல்லை, செலவு மட்டும்தான். அதன்மேல் குளிர்ந்த மழை பெய்தால் மேல்தண்ணீர் கீழே இறங்கி, அடியிலுள்ள கெட்ட தண்ணீரைக் கலக்கிவிடும். சாணமும் சருகும் அடித்து வரும் முதல் வெள்ளம் இன்னும் மோசம். சிங்காநல்லூர் குளம் போல, நொய்யல் தண்ணீரோடு ஊர்க் கழிவும் சேரும் இடங்களில் பாசி மண்டும். அங்கே இந்த ஆபத்து கூடுதல்.

இதற்கு வழி, புரட்டாசியிலேயே பாரத்தைக் குறைப்பதுதான். மூட்டம் இல்லாத நாளில் இழுவலை போட்டு, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீன்களை மட்டும் எடுத்து விற்றுவிடுங்கள். சின்ன மீனைக் காயம் படாமல் திரும்ப விடுங்கள். கிலோவுக்கு 20 ரூபாய் குறைவாகப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோவுக்கு 2,000 ரூபாய் குறையும். ஆனால் மிச்சமுள்ள 300, 400 கிலோ மூச்சுவிட இடம் கிடைக்கும். மூச்சு முட்டும்போது முதலில் சாவது பெரிய மீன்தான் என்பதை மறக்க வேண்டாம்.

தண்ணீரை அறிய ஒரு சுலபமான சோதனை: கையை முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் சரி. அதற்கு முன்பே மறைந்தால் பாசி அதிகம். சாணம், எரு போடுவதை உடனே நிறுத்துங்கள். மூட்டமான நாளில் தீவனமும் வேண்டாம்.

விடியற்காலையில் குட்டையை ஒரு சுற்று பாருங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிறதா? கை தட்டினாலும் கீழே போகவில்லையா? உடனே மோட்டாரைப் போட்டு, குட்டைத் தண்ணீரையே இறைத்து உயரத்திலிருந்து தெளித்து விழச் செய்யுங்கள். போர்வெல் தண்ணீரிலும் பிராணவாயு குறைவு. அதைக் கல்லில் மோதிச் சிதறவிட்டே விடவேண்டும். அந்த நேரத்தில் வலை போடாதீர்கள், சேறு கலங்கும்.

செத்து மிதந்த மீனை விற்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். தள்ளிக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். "எந்தத் தண்ணீரிலும் சாகாது" என்று யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அரசு தடை செய்த மீன் அது. வெள்ளத்தில் தப்பினால் நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

ஐப்பசி விலையை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த விலைக்கு விற்க, மீன் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். அதற்கான வேலை இந்தப் புரட்டாசியில்தான் இருக்கிறது.