குறிப்பு விடையும் பொருள்மயக்கமும்: ஆரோவில் வட்டாரத் தமிழர் – மேலைநாட்டார் உரையாடலை முன்வைத்து

முன்னுரை

ஒரு மொழியின் சொற்களையும் இலக்கணத்தையும் கற்றவர் அம்மொழியில் பேச இயலும். ஆயினும், அம்மொழியினர் எதனைச் சொல்லாமல் உணர்த்துவர் என்பதை அறியாதவரை அவர் பிறழ உணர்வதற்கே வாய்ப்பு மிகுதி. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பெற்ற ஆரோவில், இதனை ஆராய்வதற்குரிய களமாகும். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி முதலிய ஊர்களின் தமிழரும் மேலைநாட்டாரும் அங்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அருகருகே வாழ்கின்றனர். இவ்விரு சாராரிடையே பொருள்மயக்கம் தோன்றும் இடங்களைத் தமிழ் இலக்கண மரபின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லாத மறுப்பு

"நாளை வேலைக்கு வருவீர்களா?" என வினவும் மேலைநாட்டார் பெரும்பாலும் 'ஆம்', 'இல்லை' என்பவற்றுள் ஒன்றையே எதிர்பார்ப்பர். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் "உடம்பு சரியில்லைங்க" என்றோ "பார்க்கலாங்க" என்றோ விடை வரலாம். வினவியவர் அதனை இசைவாகக் கொள்ள, விடையிறுத்தவர் தாம் மறுத்துவிட்டதாகவே கருதுகிறார். மறுநாள் ஒருவர் 'வாக்குத் தவறியவர்' ஆகிறார். மற்றவர் 'சொன்னதைப் புரிந்துகொள்ளாதவர்' ஆகிறார்.

நன்னூலார் விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாக வகுத்துள்ளார். இவற்றுள் இறுதி ஐந்தும் குறிப்பாக விடைப்பொருளை உணர்த்துவன. "உடம்பு சரியில்லை" என்பது உற்றதுரைத்தல். "வந்தால் காய்ச்சல் கூடும்" என்பது உறுவது கூறல். எனவே இத்தகைய விடை மழுப்பல் அன்று. இலக்கணம் ஏற்றுக்கொண்ட மறுமொழியே ஆகும். எட்வர்டு ஹால் 1976இல் வெளியிட்ட நூலில், சூழலைப் பெரிதும் சார்ந்த தொடர்பாடல், சூழலைக் குறைவாகச் சார்ந்த தொடர்பாடல் என விளக்கிய வேறுபாடும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

விளியும் மதிப்பும்

ஒருவரைப் பன்மையால் குறிப்பதனை வழக்கினாகிய உயர்சொல் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் சுட்டுகிறார். இன்றைய ஆங்கிலப் பொதுவழக்கில் முன்னிலைக்கு ஒரே சொல்லே உள்ளது. பிரெஞ்சு மொழியில் இரண்டு உள. எனினும், நெருக்கம் கூடும்போது இருவரும் ஒருவரையொருவர் ஒருமையில் விளிப்பது அங்கு இயல்பு. தமிழிலோ மூத்தவர் இளையவரை 'வா' என்பார். இளையவர் மூத்தவரை 'வாங்க' என்பார். தோழமை கருதி முதியவர் ஒருவரைப் பெயர் சொல்லி 'வா' என்று ஓர் அயல்நாட்டு இளைஞர் அழைப்பின், முதியவர் அதில் அவமதிப்பையே உணர்வார். அழைப்பவர் கூலி தருபவராகவும் இருப்பின், அவ்வொருமை அதிகாரத்தின் குரலாகவே ஒலிக்கும்.

நன்றியும் நலம்வினவலும்

நன்றி என்னும் சொல் பழந்தமிழில் செய்யப்பட்ட நன்மையையே குறித்தது. அதனை நினைவிற்கொள்வதே கடமையாயிற்று. உறவினரிடையே 'நன்றி' என வாய்விட்டுச் சொல்வது இன்றும் அந்நியமாகத் தோன்றுவதுண்டு. இம்மௌனத்தை மேலைநாட்டார் நன்றியின்மையாகக் கொள்ளக்கூடும். அதுபோன்றே "சாப்பிட்டீங்களா?" என்னும் நலம்வினவலை விருந்தழைப்பாகக் கருதுதலும் நிகழும். சீனரிடத்தும் இவ்வினா நலம்வினவலாக வழங்குகிறது. மொழிபெயர்ப்பு அரசியல் சிக்கலாவதற்கும் சீன வரலாறு சான்றாகும். பிரித்தானியர் 'காட்டுமிராண்டி' எனப் பொருள்கொண்ட 'யி' என்னும் சீனச்சொல்லைத் தம்மைக் குறிக்கச் சீன அரசு ஆவணங்களில் பயன்படுத்தலாகாது என 1858ஆம் ஆண்டுத் தியென்சின் உடன்படிக்கையின் 51ஆவது பிரிவில் விதித்தனர்.

முடிவுரை

பொருள்மயக்கத்தின் இழப்பு இரு சாராருக்கும் ஒத்த அளவினதன்று. வேலை தருபவர் கொண்ட பொருளே பெரும்பாலும் நிலைபெறுகிறது; தொழிலாளிக்குப் 'பொறுப்பற்றவர்' என்னும் பெயர் எஞ்சுகிறது. ஆகவே, அயலாருக்குத் தமிழ் கற்பிக்கும் பாடத்திட்டங்களில் சொற்களஞ்சியத்தோடு விடைவகைகளும் மதிப்புப் பன்மையும் இடம்பெறுதல் வேண்டும். பணியிடத்தில் "வர இயலாது" என வெளிப்படையாகக் கூறுவது மரியாதைக் குறைவன்று என்பதைத் தமிழரும் உணர்தல் நன்று. நன்னூலின் விடைவகை பண்பாடுகளுக்கிடையேயான உரையாடலை ஆராய்வதற்கும் பயன்படும் கருவி என்பது இதனால் பெறப்படும்.